பேட்டரி கழட்டியாச்சா, இல்லையா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயற்பியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்லூரி நாட்களின் இனிய நினைவுகள்'. அந்தத் தலைப்பில் பேச இங்கே என்னைவிட நல்ல பேச்சாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே அவர் அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொள்கிறேன். இரண்டு உலோகத் தட்டுகள். நடுவிலே ஒரு சின்ன மின்னூட்டம். அதன் மேல் எவ்வளவு விசை, அதை நகர்த்த எவ்வளவு வேலை. இதுதான் நான் பேசப் போவது.

வணிகவியல் படித்த நண்பர்கள் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பயப்பட வேண்டாம். இதுவும் வரவு செலவுக் கணக்குதான். அதோடு, எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் கடன். அதைத் தீர்க்கத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பட்டும் கண்ணாடியும்

நான் பிள்ளையார்பாளையத்துப் பையன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குழித்தறி. அப்பா கூலிக்கு நெய்தவர். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ள ஒரு பொடியன் வேண்டும். அந்தப் பொடியன் நான்தான். காலையில் இரண்டு மணி நேரம் தறி, அப்புறம் பள்ளிக்கூடம்.

1972-இல் இந்தக் கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் சேர்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள், ஆசிரியர் ஒரு கண்ணாடித் தண்டை எடுத்து, 'இதைத் தேய்க்கப் பட்டுத் துணி வேண்டும், யாரிடம் இருக்கிறது?' என்றார். வகுப்பே சிரித்தது. காஞ்சிபுரத்தில் பட்டுக்கா பஞ்சம்? மறுநாள் நாலைந்து பேர் வீட்டிலிருந்து கழிவுப் பட்டு கொண்டுவந்தோம். பட்டால் தேய்த்த கண்ணாடி, காகிதத் துணுக்குகளைச் சட்டென்று இழுத்தது. கண்ணாடியில் வருகிற மின்னூட்டத்துக்குத்தான் 'நேர்' என்று பெயர் என்றார் ஆசிரியர். அந்தப் பெயரை வைத்தவர் 18-ஆம் நூற்றாண்டின் பெஞ்சமின் பிராங்க்ளின்.

ஐப்பசி மாதம் அதே சோதனையைச் செய்தால் ஒன்றும் நடக்காது. மழைக் காலத்து ஈரத்தில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். இது எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும், கூலியும் நின்றுபோகும். கண்ணாடித் தண்டுக்கும் எங்களுக்கும் ஒரே பருவத்தில்தான் கஷ்டம்.

பிற்பாடு மின்னியல் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு. அதில் எங்கே பார்த்தாலும் எங்கள் வீட்டுச் சாமான்தான்! 1729-இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர் ஒரு நீளமான சணல் கயிற்றின் வழியாக மின்னூட்டத்தை அனுப்பிப் பார்த்தார். கயிற்றைத் தொங்கவிடப் பட்டு நூலைக் கட்டினார். நூல் மெல்லியதாக இருந்தால் மின்னூட்டம் அதன் வழியே அதிகம் கசியாது என்பது அவர் எண்ணம். பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. சரி, அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பி போடலாம் என்று போட்டார். மின்னூட்டம் மறுமுனைக்கு வந்து சேரவே இல்லை. அப்போதுதான் புரிந்தது: மெல்லியது என்பதால் பட்டு காப்பாற்றவில்லை, பட்டு என்பதால்தான் காப்பாற்றியது. கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்ற பிரிவு இப்படித்தான் தெளிவானது.

அடுத்தது 1785. பிரான்சு நாட்டுப் பொறியாளர் கூலூம் மின் விசையை அளந்த ஆண்டு. அவருடைய முறுக்குத் தராசில் தொங்கியது முடி போன்ற வெள்ளிக் கம்பி. அதில் குறுக்கே ஆடிய ஊசி, அரக்கு மெழுகு பூசி விறைப்பாக்கிய பட்டு நூல். வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் சேர்ந்தால் நமக்கு அது ஜரிகை; அவருக்கு அது விஞ்ஞானக் கருவி. அதை வைத்து அவர் கண்ட விதி: இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவே தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும்.

தட்டுக்கு நடுவே என்ன விசேஷம்?

இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுவார்கள். இரண்டு பெரிய உலோகத் தட்டுகளை நெருக்கமாக, எதிரும் புதிருமாக வைத்து, ஒன்றுக்கு நேர், மற்றதற்கு எதிர் மின்னூட்டம் கொடுக்கிறோம். நடுவில் ஒரு சின்ன நேர் மின்னூட்டம். நேர்த் தட்டு அதைத் தள்ளுகிறது, எதிர்த் தட்டு இழுக்கிறது. எந்த இடத்தில் விசை அதிகம்? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர், 'தட்டுக்குப் பக்கத்தில் அதிகம், நடுவில் குறைவு' என்பார்கள். கூலூம் விதியைப் படித்த குழந்தை வேறு எப்படிச் சொல்லும்?

ஆனால் எங்கே வைத்தாலும் விசை ஒன்றுதான். ஓரங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஏன்? புதிதாக வெள்ளையடித்த ஒரு நீளமான மதில் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு ஆறடி தள்ளி நின்று பாருங்கள். சுவர் மங்கலாகவா தெரிகிறது? இல்லை. தள்ளிப் போகப் போக ஒவ்வொரு துண்டிலிருந்தும் வரும் ஒளி குறைகிறது, உண்மைதான். ஆனால் கண்ணுக்குள் விழும் சுவரின் பரப்பு அதே கணக்கில் கூடுகிறது. இது தூரத்தின் வர்க்கத்தில் குறைகிறது, அது தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரி. அகலமான தட்டின் கதையும் இதுதான். தட்டை ஒட்டி இருக்கும்போது, பக்கவாட்டில் இருக்கும் மின்னூட்டங்கள் பக்கவாட்டிலேயே தள்ளி ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. சற்று விலகினால் அவையும் நேராகத் தள்ள வந்து சேர்கின்றன. மொத்தத்தில் விசை மாறுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுவிடலாம். தட்டுகளுக்கு நடுவே 1 சென்டிமீட்டர். அவற்றுக்கு 100 வோல்ட் பேட்டரி. மின்புலம் என்பது வோல்ட்டைத் தூரத்தால் வகுத்தது. ஆக மீட்டருக்கு 10,000 வோல்ட். நடுவில் உள்ள மின்னூட்டம் ஒரு கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்று வையுங்கள். அதன் மேல் உள்ள விசை, ஒரு நியூட்டனில் லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் எடை. பட்டுச் சேலையின் முந்தானையிலிருந்து உதிர்ந்த ஒரு சின்ன இழைத்துணுக்கின் எடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கும் ஒரே விசை என்ற இந்தக் குணத்தை நம்பித்தான் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மில்லிகன் 1909 முதல் சில ஆண்டுகள் தன் எண்ணெய்த் துளிச் சோதனையைச் செய்தார். கிடைமட்டமாக இரண்டு பித்தளைத் தட்டுகள்; நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் போல இடைவெளி; ஆயிரக்கணக்கான வோல்ட். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளி. ஆரம் ஒரு மைக்ரான் உள்ள துளியை எடுத்துக்கொண்டால், அதில் ஒரே ஒரு எலெக்ட்ரான் கூடுதலாக ஒட்டியிருந்தால் போதும், மீட்டருக்கு சுமார் 2,30,000 வோல்ட் புலம் அதன் எடையைத் தாங்கி அந்தரத்தில் நிறுத்திவிடும். விசை இடத்துக்கு இடம் மாறினால் துளி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். தட்டுக்கு நடுவே அந்தத் தலைவலி இல்லை. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை இப்படி அளந்ததற்காகவும், ஒளிமின் விளைவு பற்றிய ஆய்வுக்காகவும் அவருக்கு 1923-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை என்றால் என்ன?

நான் முதலாண்டு படிக்கும்போது ஒரு நாள் இரவு வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். 'விசையையும், விசையின் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வேலை. நகர்ச்சி இல்லையேல் வேலை இல்லை.' தறியில் இருந்த அப்பா நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"நகரலேன்னா வேலை இல்லையா? அப்போ நாள் பூராக் குழியிலே காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு நான் உக்காந்திருக்கிறது என்னடா?"

"அது பௌதிகத்துல வேலை இல்லேப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்க பௌதிகம் முதலாளி மாதிரியே பேசுது" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "எந்தக் கணக்கா இருந்தாலும், வேலைன்னு வந்தா யார் செஞ்சது, யார் பேர்ல வரவு ஆவுதுன்னு பாரு. அது தெரியாம கூட்டல் கழித்தல் போடாதே."

அவர் கூலிக் கணக்கைத்தான் சொன்னார். அது இயற்பியலுக்கும் பொருந்தும் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

தட்டுக்கு வருவோம். நேர்த் தட்டில் இருந்து எதிர்த் தட்டுக்கு நம் மின்னூட்டம் போகிறது. விசை எங்கும் ஒன்றுதான் என்பதால் கணக்கு சுலபம்: விசை பெருக்கல் இடைவெளி. நம் எண்களைப் போட்டால் ஒரு ஜூலில் கோடியில் ஒரு பங்கு. இதையே மின்னூட்டம் பெருக்கல் வோல்ட் என்று போட்டாலும் அதே விடை. இந்த வேலையைச் செய்வது மின்புலம். மின்னூட்டத்தைத் திரும்ப நேர்த் தட்டுக்கே தள்ளிக்கொண்டு போக வேண்டுமானால் அதே அளவு வேலையை நாம் செய்ய வேண்டும்.

நேராகப் போகாமல் கோணல் மாணலாகப் போனால்? வேலை கூடுமா? நம்மூர் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அத்திகிரி மேல் உள்ள சன்னதிக்கு 24 படி ஏற வேண்டும். கிழக்குக் கோபுரத்து வழியாக வந்தவரும், பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தவரும் கடைசியில் ஏறுவது அதே 24 படிதான். சுற்றியவருக்குக் கால் வலிக்கும். ஆனால் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலையில் ஒரு பைசா கூடாது. தட்டுகளுக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்வது பிரகாரம் சுற்றுவது மாதிரி. விசை குறுக்கே நிற்கிறது. அந்த நகர்ச்சிக்கு வேலை சைபர். எங்கே புறப்பட்டது, எங்கே சேர்ந்தது, இந்த இரண்டும்தான் கணக்கு. பாதை கணக்கில் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. இனிமேல் என் கதை.

ஐந்து மதிப்பெண்

நான் 1979 முதல் இங்கேயே ஆசிரியராக இருந்தேன். 1988-இல் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு உள்தேர்வு. நானே கேள்வி தயாரித்தேன். அதில் ஒன்று:

'இரண்டு இணைத் தட்டுகளுக்கு மின்னேற்றம் செய்யப்பட்டுள்ளது. தட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் இரு மடங்காக்கப்பட்டால், நடுவில் உள்ள மின்னூட்டத்தின் மேல் செயல்படும் விசை என்ன ஆகும்? காரணம் தருக. (5 மதிப்பெண்)'

என் மனதில் இருந்த விடை: விசை பாதியாகும். வோல்ட்டைத் தூரத்தால் வகுக்கிறோம், தூரம் இரட்டித்தால் புலம் பாதி. வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் அதையே எழுதினார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் 'விசை மாறாது' என்று எழுதியிருந்தான். காரணமும் இரண்டு வரி: 'தட்டில் உள்ள மின்னூட்டம் எங்கும் போகவில்லை. ஆகவே புலம் மாறாது.'

அவனும் நெசவாளி வீட்டுப் பிள்ளை. காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டு அவசரமாக வருபவன். முதல் மணிக்கு அடிக்கடி தாமதம். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நானே அப்படி வந்தவன் என்பதை அந்த நேரத்தில் நான் மறந்துவிட்டேன். வகுப்பில் அவன் தாளைத் தூக்கிக் காட்டி, 'வகுத்தல் கூடத் தெரியாதவர்கள் இயற்பியலுக்கு வந்தால் இப்படித்தான்' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்துக்குச் சைபர்.

அவன் எழுந்து, "சார், பேட்டரி..." என்று ஆரம்பித்தான்.

"உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

அந்த ஆண்டு துறையின் முதல் மதிப்பெண் பரிசு, மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் வேறு ஒருவருக்குப் போனது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்தப் பையன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, வேறு ஒரு வகுப்பு. அதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "சார், பேட்டரி கழட்டியாச்சா, இல்லையா?" என்றாள். சாக்பீஸ் கையில் அப்படியே நின்றது. 1988-இல் பாதியில் நின்ற அந்த வாக்கியத்தின் மிச்சம் இதுதான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

கேள்வியில் நான் அதைச் சொல்லவே இல்லை. அதைச் சொல்லாமல் விடை கிடையாது.

பேட்டரி மாட்டியபடியே இருந்தால் வோல்ட் மாறாது, 100-தான். தூரம் 2 சென்டிமீட்டர் ஆனால் புலம் மீட்டருக்கு 5,000 வோல்ட். விசை பாதி. ஆனால் ஒரு தட்டிலிருந்து மறு தட்டு வரை செய்யும் வேலை? விசை பாதி, தூரம் இரட்டை, வேலை மாறவில்லை. அதே கோடியில் ஒரு பங்கு ஜூல்.

மின்னேற்றம் செய்தபின் பேட்டரியைக் கழட்டிவிட்டால், தட்டில் உள்ள மின்னூட்டத்துக்குப் போக இடமில்லை. புலத்தைத் தீர்மானிப்பது தட்டின் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் எவ்வளவு மின்னூட்டம் என்பதுதான், அது மாறவில்லை. ஆகவே விசை மாறாது. அந்தப் பையன் எழுதியது அட்சரம் பிசகாமல் சரி. இப்போது வோல்ட்தான் 200 ஆகிறது. மறு தட்டு வரை செய்யும் வேலை இரட்டிக்கிறது.

பாருங்கள், இரண்டும் கண்ணாடி பிம்பம் மாதிரி. மாட்டியிருந்தால் வேலை மாறாது, விசை குறையும். கழட்டியிருந்தால் விசை மாறாது, வேலை கூடும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எது மாறாமல் இருக்கிறது, வோல்ட்டா, தட்டிலுள்ள மின்னூட்டமா என்று மட்டும் கேளுங்கள்.

கழட்டிய தட்டில் வோல்ட் இரட்டிக்கிறதே, அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? நேரும் எதிரும் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. அவற்றைப் பிரிக்க நம் கை வேலை செய்தது. அந்த வேலைதான் தட்டுகளுக்கு நடுவே ஆற்றலாகத் தங்குகிறது. மாட்டிய தட்டை இழுக்கும்போதும் கை வேலை செய்கிறது. ஆனால் அப்போது தட்டில் உள்ள மின்னூட்டத்தில் பாதி பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. தட்டில் இருந்த ஆற்றலும் குறைகிறது. கை செய்த வேலை, தட்டு இழந்த ஆற்றல், இரண்டுமே பேட்டரியின் பேரில் வரவு! யார் செய்தது, யார் பேரில் வரவு என்று அப்பா கேட்டது இங்கே அப்படியே வந்து நின்றது.

சாம்பல் பிடிக்கும் தட்டுகள்

அந்த மாணவரை நான் மறுபடி பார்த்தது 2019 சந்திப்பில். இதே மண்டபம். தலை நரைத்திருந்தது. ஓர் அனல் மின் நிலையத்தில், புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததாகச் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வேலையை எனக்குப் பாடம் நடத்தினார். என்னைவிட நன்றாக நடத்தினார். அவர் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு. மேட்டூரில் உள்ளதைப் போன்ற 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி எரியும். அதில் ஆயிரம் டன் போல சாம்பல் வரும். பெரும் பகுதி மாவு போன்ற தூளாகப் புகையோடு பறக்கும். அப்படியே புகைபோக்கி வழியே விட்டால் சுற்றுவட்டாரத்து மொட்டை மாடியிலும் வயலிலும் குழந்தைகளின் மூச்சிலும்தான் விழும்.

அதைத் தடுப்பது நம் இணைத் தட்டுதான். மூன்று மாடி, நாலு மாடி உயரத்துக்கு எஃகுத் தட்டுகள் வரிசை வரிசையாகத் தொங்கும். இரண்டு தட்டுக்கு நடுவே கம்பிகள். கம்பிக்கு ஐம்பதாயிரம் வோல்ட்டுக்கு மேல் எதிர் மின்னழுத்தம். தட்டுகள் தரையோடு இணைப்பு. கம்பியை ஒட்டி மின்புலம் மிகக் கடுமை. காற்று அங்கே மின்னூட்டத் துகள்களாகப் பிரியும். அவை சாம்பலில் ஒட்டும். மின்னூட்டம் ஏறிய சாம்பலை மின்விசை தட்டை நோக்கித் தள்ளும். காற்றின் தடை எதிர்க்கும். அதனால் அது வேகம் கூடிக்கொண்டே போகாமல், நொடிக்குச் சில சென்டிமீட்டர் என்று சீராக நகர்ந்து தட்டில் ஒட்டும். மின்விசை செய்த வேலை முழுவதும் காற்றில் வெப்பமாகிவிடும். அவ்வப்போது சுத்தியல் போன்ற அமைப்பு தட்டைத் தட்டும்; சாம்பல் அடியில் உள்ள தொட்டியில் கொட்டும்.

இந்தக் கருவியை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பிரெடெரிக் காட்ரெல், 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில். இன்று அதைச் செய்கிற பெரிய தொழிற்சாலை ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராணிப்பேட்டை 'பெல்' ஆலை.

நூறு பங்கு சாம்பலில் 99 பங்கைப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆயிரம் டன்னில் 10 டன் வெளியே போகிறது. 99.9 பிடித்தால் 1 டன். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள அந்த ஒன்பதில்தான் ஊர் ஜனங்களின் நெஞ்சு இருக்கிறது.

"தட்டு இடைவெளியை 300 மில்லிமீட்டர்லேருந்து 400 ஆக்கினா, வோல்டேஜையும் ஏத்தணும் சார். இல்லேன்னா விசை போயிடும். எங்களுக்கு சப்ளை எப்பவும் மாட்டியே இருக்குதே" என்றார் அவர். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க எழுதச் சொன்ன விடையை வச்சுத்தான் சார் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். ஆனா நான் எழுதினதும் தப்பில்லே சார்."

"தப்பில்லே. தப்பு கேள்வியிலே இருந்தது" என்றேன். அதைச் சொல்ல முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. அதுவும் பந்தியில், அவர் காதுக்கு மட்டும்.

அவர் எழுதியது வெறும் காகிதக் கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். என் சட்டையில் குத்தியிருக்கும் இந்தச் சின்ன மைக்கைப் பாருங்கள். இதற்குள் இருப்பதும் இணைத் தட்டுதான். மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தேக்கி வைத்த ஒரு மெல்லிய படலம், எதிரே ஒரு தட்டு. அந்த மின்னூட்டத்துக்குப் போக இடமில்லை. அதாவது பேட்டரியைக் கழட்டிய கதை. என் குரல் படலத்தை அசைக்கிறது. தூரம் மாறுகிறது. தூரம் மாறினால் வோல்ட் மாறுகிறது. அந்த வோல்ட்தான் உங்கள் காதுக்கு ஒலியாக வருகிறது. 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர் கண்டது. 'விசை மாறாது, வோல்ட் மாறும்' என்ற அந்த விடைதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. அந்த விடைக்குத்தான் நான் சைபர் போட்டேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நுழைவுத் தேர்வுக்கு நாலு விடை கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். குறிப்பதற்கு முன்னால், கேள்வியில் எது சொல்லப்படவில்லை என்று பாருங்கள். ஆசிரியர் 'உட்கார்' என்றால் உட்காருங்கள், மரியாதை வேண்டும். ஆனால் வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் பிடித்துக் கேளுங்கள். அந்தப் பையன் அன்று வெளியே வந்து கேட்டிருந்தால் நான் மூன்று வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தப்பாகப் பாடம் சொல்லியிருக்க மாட்டேன். அவன் கேட்காததற்குக் காரணம் நான்தான், அவன் இல்லை.

ஆசிரியர்களாக இருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரும் ஒரே விடை எழுதி, ஒரே ஒரு பிள்ளை வேறு விடை எழுதினால், சிவப்பு மையை எடுப்பதற்கு முன்னால் அந்தக் காரணத்தை இரண்டு தடவை படியுங்கள்.

அந்த மாணவர் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; சொல்லவில்லை. நேற்று போனில் அழைத்து, 'அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா?' என்று கேட்டேன். 'இருக்குது சார், வீட்டுல டிரங்குப் பெட்டியில' என்றார். கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்திருக்கிறார். வகுப்பு நடுவே போட்ட சைபரைத் தனியாகத் திருத்துவது நியாயமில்லை. சபை நடுவேதான் திருத்த வேண்டும். பேனாவும் எடுத்து வந்திருக்கிறேன், அதே சிவப்பு மை.

ஐந்துக்கு ஐந்து.